வண்டிக்கு என்ன ஆச்சு?

குளியலறையில் புருஷன் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டதும் அவள் பூனை மாதிரி வாசலுக்கு வந்தாள். மூன்று சக்கர லோடு வண்டியின் டேங்குக்கு அடியில் கையை விட்டு, பெட்ரோல் டேப்பைத் திருகி மூடினாள். ஒன்றும் தெரியாதவள் போல உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

சோறு போடுகிற வண்டியில் இப்படிக் கை வைக்கலாமா என்று கேட்கத் தோன்றும். அவளிடம் கேட்டால் கண்ணீர்தான் பதிலாக வரும்.

போன வாரம் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு போனவனுக்கு நடுரோட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இடது கை மரத்துப்போனது. எப்படியோ வண்டியை ஓரம் கட்டிவிட்டான். டெஸ்ட் எல்லாம் எடுத்து முடிக்கிற வரைக்கும் வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வண்டி ஓட்டுறதும் உக்காந்து செய்யிற வேலைதானே? அதைவிட என்ன ஓய்வு?" என்று சிரித்தான் இவன். டெஸ்ட்டுக்கும் போகவில்லை. அவள் அழுதாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். காதில் வாங்கினால்தானே?

குளித்துவிட்டு வந்தவன் கிக்கரை ஒரே ஒரு மிதி மிதித்தான். வண்டி கிளம்பிவிட்டது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டேப்பை மூடினால் வண்டி கிளம்பவே கிளம்பாது என்று நினைத்திருந்தாள். கார்புரேட்டரில் மிச்சம் கிடக்கிற பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

"என்னங்க, இன்னிக்கு மட்டும் வேண்டாங்க."

"ஏன், இன்னிக்கு ஊர்ல யாருக்கும் தாகம் எடுக்காதா?"

போயேவிட்டான். அவள் பின்னாலேயே ஓடினாள். தெரு முனையில் பெரிய ரோட்டுக்குத் திரும்பும்போது வண்டி இரண்டு முறை உலுக்கிவிட்டு நின்றது. எதிரே லாரி.

லாரிக்காரன் பிரேக்கை அழுத்தி, ஹாரனை அடித்து, வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு விலகிப் போனான். அவள் ஓடின இடத்திலேயே நின்றுவிட்டாள். 'காப்பாத்தறேன்னு நானே கொன்னிருப்பேனே, பாவி' என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அவன் இறங்கி வண்டியை ஓரமாகத் தள்ளினான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி யாருக்கோ போன் பேசினான். அப்புறம் எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு, ரெண்டு பேருமாக வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றாள், குரலை எப்படியோ சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"அதான் பார்க்கணும்."

சாக்கை விரித்து உட்கார்ந்தான். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தான். நெருப்புப் பொறி நன்றாகத்தான் வந்தது. மாட்டி மிதித்தான். ம்ஹூம். ஏர் ஃபில்டரைத் தட்டி ஊதினான். ம்ஹூம். டேங்க் மூடியைத் திறந்து ஆட்டிப் பார்த்தான். பெட்ரோல் தளும்பியது. ஒயர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். அவன் கை டேங்குக்கு அடியில் போகும்போதெல்லாம் அவள் கரண்டியோடு ஓரடி முன்னால் வந்தாள்.

"பெட்ரோல் கீழே இறங்குதான்னு பாரு தம்பி" என்றார் தையல்காரர்.

இவருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"அதெல்லாம் பார்த்தாச்சுண்ணே" என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

பார்க்கவில்லை. அவள் கண்கொட்டாமல் கவனித்துக்கொண்டுதானே இருக்கிறாள்? இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு இது தோன்றவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை.

"உங்க அண்ணனை வரச் சொல்லியிருக்கேன். இப்ப வந்துடுவான்."

அவள் அண்ணன் மெக்கானிக். ஷெட்டுக்கு வருகிற வண்டியில் முதலில் கை வைக்கிற இடமே பெட்ரோல் டேப்தான். அவன் வந்தால் குட்டு உடைந்துவிடும், இவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். மறுபடி அந்த ரோடு, அந்த லாரி.

அண்ணன் வந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கை நேராக டேப்புக்குத்தான் போனது. போன கை நின்றது.

மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். கையில் கரண்டியோடு நின்றவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"கார்புரேட்டர் காலி, மாப்பிள்ளை. சாமான் வெளியூர்லேருந்து வரணும். கொஞ்ச நாள் ஆகும்."

"அப்ப என் லோடு?"

"ஷெட்டுல ஒரு வண்டி சும்மாதான் நிக்குது. ஆள் போட்டு அனுப்புறேன். நீ சும்மா இருக்கிற நேரத்துல அந்த டெஸ்ட்டை எடுத்துடு. நாளைக்குக் காலைல நானே வர்றேன்."

"என்ன பண்றது, எல்லாம் என் நேரம்" என்று அலுத்துக்கொண்டே அவன் கைக் கறையைக் கழுவ உள்ளே போனான்.

அவள் அண்ணன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நல்லவேளைண்ணே, காட்டிக் கொடுக்காம இருந்தே. நான்தான் மூடினேன். வேற என்ன செய்யச் சொல்றே? இந்த மனுஷனுக்குப் பயம்னா என்னன்னே தெரியலையே."

அண்ணன் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்.

"தெரு முனையிலேருந்தே எனக்குப் போன் பண்ணிட்டான்மா. 'டேப்பை மூடி வெச்சிருக்கா, மச்சான். ஒரு திருகு திருகினா வண்டி ஓடிடும். ஆனா காலைலேருந்தே கை மறுபடி மரத்துப்போகுது, எனக்கும் பயமா இருக்கு. நீ வந்து பெரிய ரிப்பேர்னு சொல்லிடு. நானே பயந்துட்டேன்னு தெரிஞ்சா அவ உடைஞ்சுபோயிடுவா'ன்னான்."