நாற்பத்தேழாவது முயற்சி

மேலாளரின் மகள் மரப்பெட்டிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து, ஒவ்வொன்றின் அடிச்சட்டத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஏழு வயது. பட்டுப் பாவாடை. கக்கத்தில் ஒரு மர லாரி.

அந்த வரிசையில் எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்தான். 47.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் அன்று ஆயுத பூஜை. அதிகாரிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பேக்கிங் பிரிவின் தச்சன் வரதன், தன் சுத்தியலையும் ரம்பத்தையும் உளியையும் கழுவிக் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தான். மறுநாள் விஜயதசமி வரை அவற்றை யாரும் தொட மாட்டார்கள்.

47 அவனுடைய எண். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஓர் எண் வில்லை, பெட்டியில் அடிக்க ஓர் இரும்பு அச்சு. துறைமுகத்தில் பெட்டி உடைந்தால் யார் தலையில் கட்டுவது என்று தெரிய வேண்டும் அல்லவா.

லாரியும் அவன் செய்ததுதான்.

ஜூன் மாதம் அண்ணாநகர்ப் பள்ளியிலிருந்து மேலாளர் வீரராகவனுக்கு ஒரு கடிதம் வந்தது. தந்தையர் தினத்துக்கு ஒவ்வொரு தந்தையும் தன் கையால் ஒரு பரிசு செய்து குழந்தைக்குத் தர வேண்டும். வீரராகவன் தன் கையால் அதுவரை செய்தது கையெழுத்து மட்டும். வரதனைக் கூப்பிட்டார்.

இயந்திரம் வந்திறங்கிய பெட்டியின் பைன் பலகையில் வரதன் ஒரு லாரி செய்தான். ஒரு வெள்ளைக் காகிதத்தை நுழைக்க இடமில்லாத இணைப்புகள். வீரராகவன் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்ப ஃபினிஷிங் வேண்டாம்ப்பா. ஒரு அப்பா செஞ்ச மாதிரி இருக்கணும்."

வரதனும் ஓர் அப்பாதான். அவனுக்கு இது விளங்கவில்லை.

ஒப்பந்தக்காரர் குப்புராஜ் விளக்கினார். கோணலாக வேண்டும். சக்கரம் ஆட வேண்டும். வரதனுக்குக் கோணல் வரவில்லை. கடைசியில் ரம்பத்தை இடது கையில் பிடித்து அறுத்தான். குப்புராஜுக்கும் மேலாளருக்கும் பரம திருப்தி. நிரந்தரத் தொழிலாளர் பட்டியலில் இருந்தது ஒரே இடம். விஜயதசமி அன்று கையெழுத்தாகும், முதல் பெயர் உன்னுடையதுதான் என்று வீரராகவன் அப்போதே சொல்லிவிட்டார். ஒன்பது வருட ஒப்பந்தக் கூலிக்குப் பிறகு வரதன் கேட்ட முதல் நல்ல சொல் அது.

ஒரு தவறு நடந்தது. முடித்த கையோடு, பழக்க தோஷத்தில், லாரியின் அடியில் அச்சை வைத்து 47 என்று அடித்துவிட்டான்.

பள்ளி மேடையில் ஆசிரியை லாரியைத் தலைகீழாகத் திருப்பி, இது என்ன எண் என்று கேட்டிருக்கிறார். வீரராகவனும் அப்போதுதான் அதைப் பார்த்தார். ஒரு நொடி யோசித்துவிட்டு, நாற்பத்தாறு முறை தோற்று நாற்பத்தேழாவது முயற்சியில் இதைச் செய்ததாகச் சொன்னார். அரங்கமே எழுந்து கைதட்டியது. இரண்டு தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதல் பரிசு.

இந்தக் கதையை மேலாளரின் டிரைவர் கேன்டீனுக்குக் கொண்டுவந்தார். தரை கூட்டும் அஞ்சம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"நாப்பத்தேழு வாட்டியா? ஒரு வாட்டி ஆணியப் புட்சிருந்தா அந்தாளு கட்டவெரலு நசுங்கிக்கினு இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். வரதன் சிரிக்கவில்லை. பட்டியலில் இன்னும் கையெழுத்தாகவில்லை.

இப்போது அந்தக் குழந்தை கடைசிப் பெட்டியையும் பார்த்து முடித்து நிமிர்ந்தாள். வரதனின் சட்டையில் இருந்த வில்லையைப் படித்தாள். பூஜைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவைத் தாண்டி நேராக வரதனிடம் வந்து லாரியை நீட்டினாள். ஒரு சக்கரம் கையோடு வந்திருந்தது.

"கழண்டுடுச்சு, அங்கிள்."

வீரராகவன் பார்த்துவிட்டார். நல்ல சுறுசுறுப்பு. நான்கே எட்டில் வந்து லாரியை வாங்கிக்கொண்டார். அப்பா மாட்டித் தருகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் இருந்த சுத்தியலை எடுத்தார்.

பேசிக்கொண்டிருந்த நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்று அதைத் தொடக் கூடாது என்று அவருக்குச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. குப்புராஜ் கூரையைப் பார்த்தார்.

வரதன் சுத்தியலைப் பார்த்தான். காலையில் அவன் வைத்த குங்குமம்.

வீரராகவன் ஓர் அடி அடித்தார். சக்கரம் இரண்டாகப் பிளந்தது.

"பரவால்ல, நாற்பத்தெட்டாவது தடவை சரியா வரும்," என்றார்.

முதலில் குப்புராஜ் சிரித்தார். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். வரதனும் சிரித்தான். வீரராகவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. கீழே கிடந்த இரண்டு துண்டுகளையும் பொறுக்கினாள். வரதனின் சட்டைப் பைக்குள், அந்த வில்லைக்குப் பின்னால், ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"நாளைக்குப் பண்ணிக் குடுங்க. இன்னைக்குத் தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

வீரராகவன் கைக்குட்டையை மடித்தபடி வரதனின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியலில் கையெழுத்தாவதும் நாளைக்குத்தான்.