சத்தமில்லாத வண்டி

கதவு தானாக மூடிக்கொண்டது.

அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஆயுசு முழுக்க வாசல் கம்பியில் தொங்கியே வேலைக்குப் போய்வந்த கை. பழக்கதோஷத்தில் ஏறியதும் வாசலுக்கே போயிருந்தது.

“தொங்க இடமே இல்ல,” என்றார் மனைவியிடம். பெட்டியே திரும்பிப் பார்த்தது. பழைய எலக்ட்ரிக் ட்ரெயினில் பேசிப் பழகிய குரல்.

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சீட்டைத் தட்டிக் காட்டினாள். வந்து உட்கார்ந்தார்.

பக்கத்தில்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு எத்தனை முறை வந்திருப்பார்கள். அவள் லேடீஸில் ஏறுவாள், அவர் ஜெனரலில். இறங்கிய பிறகுதான் கணவன் மனைவி.

இன்றைக்கும் வரும்போது அப்படித்தான் வந்தார்கள். கடற்கரையில் ஒரு வேலையும் கிடையாது. புது ஏசி வண்டியில் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்காகப் பழைய வண்டியில் வந்தார்கள். பேப்பரில் படம் போட்ட நாளிலிருந்து அவருக்கு இதே நச்சரிப்பு.

அவள் வந்ததற்குக் காரணம் வேறு.

வீட்டில் சொல்ல முடியாததை வண்டியில் சொல்லிவிடலாம். ஓடுகிற வண்டியிலிருந்து எழுந்து எங்கே போய்விடுவார்?

வண்டி நகர்ந்தது.

எதிரே ஒரு கைக்குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. அதன் அம்மா தோளில் போட்டுத் தட்டினாள், கேட்பதாக இல்லை. அந்தப் பக்கம் ஒருவர் போனில் கிரிக்கெட் வைத்திருந்தார்.

“பாத்தியா? சத்தமே இல்ல,” என்றார் அவர், பூரிப்போடு.

மாப்பிள்ளை வாங்கிய காரைப் பார்க்கிற மாமனார் மாதிரி இருந்தது அவர் முகம்.

அவருக்கு அவள் அலுத்துப்போய்விட்டாள். அப்படித்தான் முடிவுக்கு வந்திருந்தாள். சாப்பிடும்போது தினம் கேட்பாள், உப்பு சரியாக இருக்கிறதா என்று. தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். அடுப்படியிலிருந்து ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் டிவியில் சத்தத்தைக் கூட்டுவார். ஒருநாள் இரண்டு நாள் என்றால் பொறுக்கலாம். சுவரோடு எத்தனை நாள் குடித்தனம் பண்ணுவது? கேட்பதையும் விட்டுவிட்டாள்.

தென்காசியில் அக்கா தனியாக இருக்கிறாள். வந்துவிடு என்கிறாள். பை கட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்தாயிற்று.

எழும்பூர் தாண்டியது.

புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நேராகப் பார்த்தபடி, நாலு பேருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“நான் அக்காகிட்ட போயிடலாம்னு இருக்கேன். அங்கயே இருந்துடறேன்.”

அவர் அவள் போர்த்தியிருந்ததைப் பார்த்தார்.

“ஆமா. ஜில்லுனுதான் இருக்கு.”

பையிலிருந்து துண்டை எடுத்து உதறி அவள் தோளில் போட்டார். காற்று அவள் தலையில் விழுகிறதா என்று மேலே பார்த்தார். எழுந்து, அவளை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டார்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இதற்குக்கூட ஒரு மழுப்பலா?

அப்போது கூரையிலிருந்து ஒரு பெண் குரல் அடுத்து மாம்பலம் என்றது. தமிழில் சொன்னது, இந்தியில் சொன்னது, இங்கிலீஷிலும் சொன்னது.

சொல்லி முடித்ததும் அவர் கேட்டார், அடுத்தது எந்த ஸ்டேஷன் என்று.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

குழந்தை இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கிரிக்கெட்டில் யாரோ அவுட். அவர் மட்டும் சிரித்த முகமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தமே இல்லாத வண்டி.

“ஏங்க,” என்றாள்.

மூன்று ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமானவர்களாக இருக்க வேண்டும்.

பக்கத்தில் இருந்தவர் திரும்பவில்லை.

செய்தி வாசிக்கிற பெண்கூட இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முனகுகிறாள் என்று போன வாரம் அவர் அலுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. டிவி சத்தம் ஞாபகம் வந்தது. பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போன ஒவ்வொரு ராத்திரியும் வரிசையாக வந்து நின்றது.

அடப் பாவி மனுஷா.

அழுகை வந்தது. சந்தோஷம் மாதிரியும் இருந்தது. துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துண்டில் அவர் வாசனை.

கிண்டி போனது. பரங்கிமலை போனது. எப்படிச் சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது?

தாம்பரம் வரப்போகிறது. அவர் எழப் பார்த்தார். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் அவ்வளவு கிட்டே போனதில்லை.

“நேத்து வச்ச குழம்புல உப்பு சரியா இருந்துச்சா?”

கைக்குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பெட்டி முழுக்கப் பார்த்தது.

அவர் முகம் சிவந்துபோனது.

“மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க.”

பிறகு அவள் பக்கம் சாய்ந்தார். ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, பெட்டிக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“கொஞ்ச நாளாவே கம்மிதான். நீதான் எங்கிட்ட எதுவும் கேக்கறதையே விட்டுட்டியே.”