கேள்விகள் கடைசியில்

ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது. மைத்துனனோ நின்ற இடத்தைவிட்டு அசைவதாகத் தெரியவில்லை. இஸ்திரி கலையாத பயணச் சட்டையோடு, கல் அறுக்கும் இயந்திரத்தின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி புரொபசரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புரொபசருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

புரொபசர் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. குழாய்க் கிடங்கில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பட்டத்தை மைத்துனன் கேலிக்காகச் சூட்டினான். அவர் கௌரவமாக வாங்கிக்கொண்டார்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. பதினெட்டு வருடத்தில் அவருடைய எந்தக் கண்டுபிடிப்பின் விளக்கத்தையும் மைத்துனன் முழுசாகக் கேட்டதில்லை. தானே சுருளும் துணிக்கொடியைக் காட்டிய அன்று பாதியில் எழுந்து சாப்பிடப் போனான். பால் பொங்கினால் அடிக்கும் மணியைக் காட்டிய அன்று விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஊருக்கே பஸ் ஏறிவிட்டான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் கடைசிவரை நின்று கேட்டுவிட்டால் போதும், பிறவிப் பயன் கிடைத்த மாதிரி என்றிருந்தார் புரொபசர்.

கல் அறுக்கும் இயந்திரத்தை அவர் முதலில் ஓட்டியபோது அது கல்லை அறுக்கவில்லை. அதிர்ந்து அதிர்ந்து தானே நடந்துபோய், அடுத்த வீட்டு வேலியை அறுத்தது. அதனால்தான் இன்று காலை குழி வெட்டி, சட்டத்தின் நான்கு கால்களையும் இறக்கி, சீக்கிரம் இறுகுகிற சிமெண்டை வாங்கிவந்து கொட்டியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மைத்துனன், “போயிட்டு வரேன் மாமா” என்று பின்கட்டுக்கு வந்தான்.

“ஒரே நிமிஷம் மாப்ள. சுவர்ப் பக்கமா இறங்கி நின்னு இந்தச் சட்டத்தைப் பிடி. அசையாம பிடி.”

பிடித்தான். புரொபசர் கனைத்துக்கொண்டார். அது ஒரு மணி நேரத்துக்கு முன்னால். விளக்கம் இப்படித்தான் தொடங்கியது.

“முதல் தலைப்பு, மோட்டார். இது எதுலேர்ந்து வந்தது தெரியுமா?”

“அக்காவோட வாஷிங் மெஷின்லேர்ந்து. ஒரு வாரமா போன்ல அதைச் சொல்லித்தான் அழறா. மாமா, நான் என்ன சொல்ல வரேன்னா...”

“கேள்வியெல்லாம் கடைசியில. ரெண்டாவது தலைப்பு, பிளேடு. வைரத்தூள் பதிச்சது. இதுக்குப் பல்லே கிடையாது. கல்லைக் கடிக்காது, தேய்ச்சுத் தேய்ச்சே கரைச்சிடும். எல்லாம் பொறுமை!”

“மாமா, கொஞ்சம் கீழ பாருங்களேன்...”

“கீழ இருக்கறது தண்ணித் தொட்டி. அது மூணாவது தலைப்பு. குறுக்க பேசினா எனக்குக் கோர்வை விட்டுப் போயிடும்.”

குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியதே தவிர, மைத்துனன் நகரவில்லை. தொட்டி முடிந்து, விசிறி பெல்ட் முடிந்து, தண்ணீர் தெறிக்காமல் இருக்க வாளி மூடியை வளைத்த கதையும் முடிந்தது. அப்போதும் நின்றான்.

தம்பியின் பயணப் பையோடு பின்வாசலுக்கு வந்தாள் புரொபசரின் மனைவி. “டேய், வண்டியை விடப் போறியா? ரெண்டு பேருக்கும் என்னடா இவ்வளவு நேரம் பேச்சு?”

மைத்துனன் வாயைத் திறந்தான். புரொபசர் ஸ்விட்சைப் போட்டார்.

பாத்திரக்கடைக்குள் லாரி புகுந்த மாதிரி ஒரு சத்தம். கயிற்றில் தொங்கிய செங்கல் மெல்ல மெல்ல இறங்கி, உருண்டைக் கல்லை வைத்திருந்த பலகையை பிளேடை நோக்கி இழுத்தது. தொட்டித் தண்ணீரில் முங்கிச் சுழன்ற பிளேடு, வாளி மூடியைத் துளியும் மதிக்காமல், இரண்டு பேருக்கும் சாம்பல் நிறச் சேற்றை முகத்தில் பூசிவிட்டது.

மைத்துனன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான். என்னவோ கத்தவும் செய்தான். ‘கைதட்டறான், நல்ல பிள்ளை’ என்று நினைத்துக்கொண்டார் புரொபசர். மனைவி தலையில் அடித்துக்கொண்டு பையோடு உள்ளே போனாள். அவள் கதவைச் சாத்தியது மட்டும் அத்தனை சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஒரு விரல்கடை ஆழத்துக்கு இருபது நிமிடம் ஆனது. எங்கோ தூரத்தில் ரயில் கூவியபோது மைத்துனன் கண்களை மூடிக்கொண்டான். ரசிக்கிறான் என்று புரொபசருக்கு அதுவும் புரிந்தது.

கடைசியில் செங்கல் ‘தொப்’பென்று தரையைத் தொட்டது. கல் இரண்டாகப் பிளந்து விழுந்தது. வெளியே என்ன சாம்பல் நிறமோ, உள்ளேயும் அதே சாம்பல் நிறம்தான். புரொபசர் மோட்டாரை நிறுத்திவிட்டு, இரண்டு பாதியையும் பெற்ற பிள்ளைகளைப் போல ஏந்திக் காட்டினார்.

மைத்துனனின் கன்னத்துச் சேற்றில் ஒரு கண்ணீர்க் கோடு இறங்கியது. அதைப் பார்த்ததும் புரொபசருக்கும் தாங்கவில்லை.

“மாப்ள, பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நீ என்னைப் புரிஞ்சுக்கிட்டே. ரயிலைக்கூட விட்டுட்டு நின்னியேப்பா! இப்ப கேளு. எத்தனை கேள்வி வேணும்னாலும் கேளு.”

“ஒண்ணே ஒண்ணுதான் மாமா.”

மைத்துனன் தரையைக் காட்டினான். புரொபசர் தொட்டிக்கு அந்தப் பக்கம் முதல்முறையாக எட்டிப் பார்த்தார். அவனுடைய பேன்ட் தெரிந்தது. அதற்குக் கீழே ஷூவைக் காணோம்; இறுகிக் காய்ந்த தரைதான் இருந்தது.

“இந்த மிஷின் சிமெண்டை அறுக்குமா?”