ஒரு சாண் பலகை

அறுபது தாண்டியவர்களுக்குச் சவப்பெட்டி செய்ய, பெயர் எழுதிய பலகையை ரேஷனில் கொடுப்பார்கள். வேறெதற்கும் மரம் கிடையாது. கட்டிலடியில் கிடந்த இரண்டு பலகைகளில் ஒன்றை ஒரு சாண் அறுத்து, மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையால் சூசை மீன் செதுக்கினார். செதில் ஒவ்வொன்றாக எழும்ப எழும்ப அவருக்குப் பசியே தெரியவில்லை.

மனைவி பிலோமி பார்த்துவிட்டாள்.

"கிழவனுக்கு வந்த ஆசையப் பாரு." சிரித்துக்கொண்டே செதில்களைத் தடவினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க பெட்டிக்கு ஒரு சாண் கொறையுமே?"

சூசை மீன்மேல் இருந்த மரத்தூளை ஊதினார்.

"போகட்டும். நான் குட்டைதான. என் பலகையில ஒரு சாண் எடுத்துக்கிடுங்க."

அவள் குட்டைதானே என்றுதான் அவரும் அவள் பலகையை அறுத்திருந்தார். அவருடையது முழுசாக இருந்தது.

அளந்து பார்க்க, பிலோமி கட்டிலடியில் குனிந்தாள்.