மாடிக்குப் போன தண்ணீர்

தில்லைநாயகத்தின் உடம்பில் மாடியில் இதயமும் கீழ்வீட்டில் இரண்டு சிறுநீரகங்களும் குடியிருந்தன. உப்பையும் தண்ணீரையும் வடித்து வெளியேற்றுவது கீழ்வீட்டு வேலை. சர்க்கரை நோய் வந்தபிறகு சில வருஷங்களாகவே அங்கே பாதி வேலைதான் நடந்தது. சொன்னால் மாடியில் இருப்பவர் சங்கடப்படுவாரே என்று இரண்டும் சொல்லவில்லை. வடிக்க முடியாத தண்ணீரை இரத்தத்தோடு மேலே அனுப்பிவிட்டு மரியாதையாக இருந்தன.

"என்னப்பா, இன்னிக்கு வரத்து ஜாஸ்தியா இருக்கு?" என்று இதயம் கேட்கும்.

"மத்தியானம் நாலு அப்பளம், அண்ணே. அப்புறம் நார்த்தங்காய் ஊறுகாய்."

"தின்னட்டும், பாவம். நான் பாத்துக்கறேன்."

தில்லைநாயகத்துக்குக் கால் வீங்கியது. உடம்பு பூசினாற்போல் ஆகிவருவதாக மகிழ்ந்து அவர் ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கினார். இதயமும் நாளுக்கு நாள் பெரிதானது.

"உழைச்ச உடம்பு! எப்படித் திரண்டிருக்கு பாருங்க!" என்று அது கீழ்வீட்டாரிடம் பெருமையடித்தது.

இளைய சிறுநீரகத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அது பலம் இல்லே, அண்ணே. தண்ணிச் சுமை இழுத்த இழுப்பு. எங்களால முன்ன மாதிரி வடிக்க முடியலே."

"அட அசடுகளா, இதைச் சொல்ல இத்தனை வருஷமா?" இதயம் சிரிக்கப் பார்த்தது. மூச்சுதான் வாங்கியது. "சரி, ஆற அமரப் பேசுவோம். முதல்ல நான் கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்."

"ஐயோ, உட்கார மட்டும் உட்காராதீங்க, அண்ணே!" என்று இரண்டும் ஒரே குரலில் அலறின.