இமைக்கான பொத்தான்

வார்டில் நெடுங்காலம் செவிலியாக இருந்த ஜெபசெல்வி, செவிலியர் பள்ளியில் ஆசிரியை ஆவதற்கான பயிற்சிக்காகக் கண்ணாடித் தடுப்பின் பின்னே கணினியின் முன் அமர்ந்திருந்தாள். தடுப்புக்கு அப்பால் கட்டிலில் கிடந்த பொம்மை நோயாளிக்கு மூச்சும் நாடியும் இமைப்பும் அவள் விரலிலிருந்தே சென்றன. நாடி தளர்ந்தும் மருத்துவரை அழைக்காமல் கட்டிலருகே நின்ற செவிலியர் மாணவி தயங்கினாள். தளரவிட வேண்டிய நாடியை ஜெபசெல்வி மறுபடியும் உயர்த்தினாள்.

“நீங்களே காப்பாத்திக்கிட்டிருந்தா அந்தப் பொண்ணு எப்ப சிஸ்டர் கத்துக்கும்?” என்றார் பயிற்றுநர் வைதேகி. “போக விடுங்க. பொம்மைதானே.”

ஜெபசெல்வி விட்டாள். திரையில் கோடு நேரானது. பொம்மையின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. மாணவி சற்று நின்று, வார்டில் செய்வதைப் போலவே உள்ளங்கையால் அதன் இமைகளைத் தடவி மூடினாள். கையை எடுத்ததும் அவை திறந்துகொண்டன.

“மேடம், கண்ணு மூட மாட்டேங்குது.”

“இங்கிருந்துதாம்மா மூடணும்,” என்று ஒலிவாங்கியில் சொன்ன வைதேகி, இமைக்கான பொத்தானை ஜெபசெல்விக்குக் காட்டினார்.

“எங்க வீட்டுக்காரருக்கு வேற யாரோ ஒரு சிஸ்டர்தான் மூடிவிட்டாங்க,” என்றாள் ஜெபசெல்வி. “நான் அடுத்த வார்டுல டூட்டில இருந்தேன். ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. என் வார்டுல ஒரு கேஸ் மோசமா இருந்துச்சு, விட்டுட்டுப் போக முடியல.”

தடுப்புக்கு அப்பால் மாணவி இரண்டு விரல்களால் இமைகளை அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தாள். ஜெபசெல்வி பொத்தானை அழுத்தாமலே அதிலிருந்து விரலை எடுத்து, ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கையை எடுத்துரும்மா,” என்றாள்.

இமைகள் திறந்தன.