தை மாத நிழல்

"படம் அழகாத்தான் இருக்கு. ஆனா வெயில் பொய்யா இருக்கேம்மா" என்றார் ஜன்னத் பீவி.

ஜெனிட்டாவுக்குச் சுருக்கென்றது.

தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு மேசை போட்டு அவளும் கணவன் அருள்பிரகாஷும் நடத்துகிற கட்டட வடிவமைப்பு அலுவலகம் அது. கட்டப்போகிற வீட்டை, கட்டி முடித்துவிட்ட மாதிரியே படமாக்கிக் காட்டுகிற மென்பொருள் இரண்டை ட்ரையலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றோடு ட்ரையல் முடிகிறது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும்.

ஜெனிட்டாவுக்குப் பிடித்ததற்கு அவர்கள் வைத்திருந்த செல்லப்பெயர் மின்னல். கண்ணை மூடித் திறப்பதற்குள் படம் வந்துவிடும். எந்த வீட்டைப் போட்டாலும் தங்கம் உருக்கி ஊற்றிய மாதிரி அந்தி வெயில், ஓரத்தில் ரோஜாச் செடிகள், வாசலில் சோம்பல் முறிக்கும் பூனை. அருளுக்குப் பிடித்தது ஆமை. அது ஒரு படம் போடுவதற்குள் கீழே போய் டீயே குடித்துவிட்டு வரலாம். ஆனால் ஊர், மாதம், மணி எல்லாம் கேட்டுக்கொண்டு, அந்த நேரத்துக்குச் சூரியன் எங்கே நிற்குமோ அங்கேதான் நிறுத்தும்.

"படத்தப் பாத்துத்தாங்க ஆளு வருவாங்க. போன மாசம் ஒரு வீடு கைய விட்டுப் போச்சே, மறந்துட்டீங்களா?" என்று காலையில்கூட அவனோடு மல்லுக்கு நின்றாள். இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை ஜன்னத் பீவியின் வீடுதான். அதுவும் போனால் அலுவலகத்துக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

"எது பொய்க்கா?" என்று ஜன்னத் பீவியிடம் கேட்டாள்.

"வடக்குப் பக்கம் ஏதும்மா ரோஜாத் தோட்டம்? அது பக்கத்து வீட்டு வேம்பு இடமாச்சே. தை மாசம் எங்க வீட்டு நிழல் அவரு இடத்துல எவ்வளவு தூரம் விழும்? அதக் காட்டு."

ஜெனிட்டாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மனையை அளக்கப் போன அன்றே பார்த்தாளே! ஒரு முழ இடத்துக்காக வேலிக்கு இந்தப் பக்கம் ஜன்னத் பீவியும் அந்தப் பக்கம் வேம்புவும் நின்றுகொண்டு போட்ட சண்டையை. விவகாரம் தாலுகா ஆபீஸ் வரை போய், இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். வேம்பு பக்கத்தில் வெறும் சிமெண்ட் தளம், பேருக்கு ஒரு செடி கிடையாது. பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று ஜெனிட்டாதான் அதன்மேல் ரோஜா நட்டிருந்தாள்.

நிழலைக்கூட ஓசியில் விடமாட்டார் போலிருக்கிறது!

மின்னலில் எந்த மாதத்தைத் தட்டினாலும் அதே தங்க அந்திதான் வந்தது.

"இங்க வாங்கக்கா" என்று அருள் ஆமையைத் திறந்தான்.

மூவரும் டீ குடித்து முடித்த பிறகு திரையில் மெல்ல விடிந்தது. இன்னும் கட்டாத வீட்டின்மேல் தை மாத இளவெயில் படி ஏறுவது போல் ஏறியது. மாடி அறையின் ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. ஜன்னலுக்கு வெளியே, மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம், வெண்ணாறு மினுங்கிக்கொண்டு போயிற்று.

"இந்த ரூம்ல உக்காந்து ஆத்தப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு பதினெட்டு வருஷமா ஆசைம்மா. மஸ்கட்லேருந்து எங்க வீட்டுக்காரரு போன் பண்ணாலே இதே பேச்சுதான்."

ஜன்னத் பீவியின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. ஜெனிட்டாவும் ஒரு கணம் கோபத்தை மறந்து அந்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆற்றுக்காற்று முகத்தில் படுகிற மாதிரிகூட இருந்தது.

மாடி அறையின் நிழல் வேலியைத் தாண்டி வேம்புவின் தளத்தில் நீட்டிப் படுத்திருந்தது. மேற்கிலிருந்து கிழக்காக மெதுவாக நகர்ந்ததே தவிர, சாயங்காலம் வரை அந்தத் தளத்தைவிட்டு இறங்கவே இல்லை.

ஜன்னத் பீவி பெருமூச்சு விட்டார்.

"அந்த ரூம எடுத்துடுங்க தம்பி. தெக்குப் பக்கமா வெச்சுடுங்க."

"அக்கா! அங்கேருந்து பாத்தா ஆறு தெரியாது. பின்வீட்டுச் சுவருதான் தெரியும்" என்று பதறினாள் ஜெனிட்டா.

"பரவாயில்லம்மா. அப்படியே பிளான் போட்டுக் குடுங்க, வேலைய ஆரம்பிச்சுடலாம்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

வேலை கைக்கு வந்ததில் சந்தோஷப்பட வேண்டிய ஜெனிட்டாவுக்கு ஆத்திரம்தான் வந்தது.

"என்ன வன்மம் பாத்தீங்களா! பதினெட்டு வருஷ ஆசைய விட்டாலும் விடுவாங்களாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு நிழல விடமாட்டாங்களாம். உங்க ஆமையவே வாங்குங்க. இந்த மாதிரி ஆளுங்களுக்கு அதுதான் லாயக்கு."

அருள் ஆமைக்குப் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தான்.

படியில் மறுபடியும் செருப்புச் சத்தம். ஜன்னத் பீவி மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். தண்ணித் தொட்டியையும் வடக்குப் பக்கம் வெச்சுடாதீங்க, அதோட நிழலும் அங்கதான் விழும். தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் வேம்பு அண்ணன் அந்தத் தளத்துலதான் நெல்லு காய வைப்பாரு. நெல்லு சரியா காயாம ஈரமா இருந்தா கவர்மெண்டு கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. எங்களுக்குள்ளதான் பேச்சுவார்த்தை இல்லையே, அவரா வந்து கேக்க மாட்டாரு. நாமதான் பாத்து வைக்கணும்."